மெஷின் பார்க்காத நாலு நிமிஷம்

பூண்டுலோயாவுக்கு மேலே ஊசிமலைத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்கு எண்பத்து நாலாம் வருஷம் கார்த்திகையில் ஒரு கொம்பியூட்டர் வந்து இறங்கியது. அந்தப் பக்கத்தில் அதற்கு முன் அப்படி ஒன்றை யாரும் கண்ணால் கண்டதில்லை. லொறியிலிருந்து பெட்டியை இறக்கியவர்கள் உள்ளே டெலிவிஷன்தான் இருக்கிறது, தொரை பங்களாவுக்குப் போகப்போகிறது என்று முடிவே கட்டிவிட்டார்கள். பெட்டியோ நேரே தொழிற்சாலை ஆபீசுக்குள் போய், அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்த றோசலினின் மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டது.

றோசலினுக்கு அப்போது இருபத்து நாலு வயது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த பிள்ளை. அம்மா மார்கிரட் மலையில் கொழுந்து எடுக்கிறவள். அப்பா எழுபத்து நாலாம் வருஷப் பஞ்சத்தில், பாணுக்கும் மாவுக்கும் விடியுமுன்னே வரிசையில் நின்ற காலத்தில், காய்ச்சலோடு படுத்தவர் எழும்பவே இல்லை. அண்ணன் பத்திநாதனுக்கு அன்றைக்குப் பதினேழு வயது. படிப்பில் அவன் ஒன்றும் மட்டமில்லை. ஆனாலும் அப்பாவை அடக்கம் செய்த மறுவாரமே கொப்பிகளைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டுத் தொழிற்சாலையில் பேர் பதிந்தான். "தங்கச்சி படிக்கட்டும்" என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசினால் அம்மா அழுதுவிடுவாள்.

அவளும் படித்தாள். ஹட்டனில் கணக்குப் பிரிவில் உயர்தரம் எழுதிப் பாஸானாள். யுனிவர்சிட்டிக்கு ஏழு மார்க் போதவில்லை. அந்த ஏழு மார்க்கை நினைத்து ஒரு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, டைப் பழகித் தொழிற்சாலை ஆபீசுக்கு வந்து சேர்ந்தாள். அண்ணன் அதற்குள் விறகு சுமந்து, கொழுந்து அரைக்கிற ரோலரில் நின்று, டிரையர்காரனாக உயர்ந்திருந்தான். டிரையர் என்பது அரைத்துப் பதமாக்கிய கொழுந்தைச் சூட்டுக் காற்றில் உலர்த்தித் தூளாக்கும் பெரிய இரும்புப் பெட்டி. பக்கத்து அடுப்பில் விறகு எரியும். சூடு நூற்றுத் தொண்ணூறு பரன்ஹீட் டிகிரிக்கு அக்கம் பக்கத்தில் நிற்க வேண்டும். குறைந்தால் தூள் புளிக்கும், கூடினால் கருகும். ஒரு தோட்டத்தின் பேர் கெடுவதும் நிலைப்பதும் அந்தப் பெட்டியின் முன்னால் நிற்கிற ஆளின் கையில்தான் இருக்கிறது.

கொம்பியூட்டர் வந்தது அந்தச் சூட்டைப் பார்க்கத்தான். டிரையரிலிருந்து ஒரு வயர் ஆபீசுக்கு வந்தது. மெஷின் நிமிஷத்துக்கு ஒரு தடவை சூட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும். மணிக்கு ஒரு தடவை அறுபது நிமிஷத்துக் கணக்கையும் பேப்பரில் அடித்துத் தள்ளும். கொழும்பிலிருந்து வந்த கொம்பனி ஆள், எப்படிப் போடுவது, எப்படி நிறுத்துவது, பேப்பர் எப்படி மாற்றுவது என்று அரை நாளில் காட்டிவிட்டு, செங்கல் கனத்தில் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தையும் வைத்துவிட்டுப் போய்விட்டார். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் கந்தப்பன் புத்தகத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "கதவுக்கு முட்டுக் குடுக்க நல்லாருக்கும்" என்று சொல்லித் திரும்ப வைத்துவிட்டார்.

றோசலின் அதை வாசித்தாள். முதலில் பொழுதுபோகாமல் வாசித்தாள். பிறகு சோறு தின்னும்போதும் வாசித்தாள்.

அவளுடைய மண்டையைக் குடைந்த கேள்வி ஒன்றுதான். சூட்டைப் பார்ப்பது கொம்பனிக்காரன் எழுதிய புரோகிராம், சரி. அந்தப் புரோகிராமைக் கூப்பிட்டு, "நீ ஓடு" என்று சொல்வது யார்? புத்தகத்தின் பின்பக்கத்தில் பதில் இருந்தது. எல்லாப் புரோகிராமுக்கும் அடியில் இன்னொரு புரோகிராம் இருக்கிறது. எந்த வேலை எப்போது நடக்கலாம், எது காத்திருக்க வேண்டும், விசைப்பலகையில் விரல் பட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் பார்க்கிறது. அதற்குப் பேர் கேர்னல். கரண்ட் வந்ததும் மெஷின் டிஸ்க்கின் முதல் துண்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கும். அங்கே யார் எழுதினார்கள் என்று கேட்காது.

கேட்காது என்றால் நானும் எழுதலாம்தானே என்று அவளுக்குத் தோன்றியது. இங்கேதான் ஆரம்பித்தது எல்லாம்.

ஆனால் எழுதுவதற்கு மெஷினின் சொந்தப் பாஷை வேண்டும். புத்தகத்தில் அது அரைகுறையாக இருந்தது. லீவு எடுத்து, பஸ் மாறி மாறிக் கண்டிக்குப் போய், அங்கே ஒரு நூலகத்தில் உட்கார்ந்து மெஷினின் மூளையாக இருக்கிற சில்லின் கட்டளைகள் அத்தனையையும் கையால் எழுதி எடுத்தாள். ஐந்து தடவை போனாள். அங்கே இருந்த பெண் மூன்றாம் தடவையில், "நீங்க எந்த கெம்பஸ்?" என்று கேட்டாள். "ஊசிமலை" என்றாள் றோசலின். அந்தப் பெண்ணும் தலையாட்டி வைத்தாள்.

பிற்பகல் இரண்டு மணிக்கு டிரையர் ஓய்ந்தால் மெஷினுக்கும் வேலை இல்லை. ஆபீஸ் முடிந்து பொழுது சாய்கிற வரைக்கும் அது அவளுடையது. சதுரக் கோட்டுக் கொப்பியில் ஒரு கட்டத்துக்கு ஒரு எண் என்று எழுதி, அதை ஒவ்வொன்றாக மெஷினுக்குள் தட்டுவாள். ஒரு எண் பிசகினால் திரை செத்துப்போகும். ஐந்து மணி வாக்கில் மாடியில் கொழுந்து வாட்டுகிற விசிறிகளைச் சேர்த்துப் போடுவார்கள். அந்த நேரம் கரண்ட் ஒரு குலுங்கு குலுங்கும், தட்டியதெல்லாம் போய்விடும். மூன்று தடவை அப்படிப் பறிகொடுத்த பிறகு, மாடியில் ஆள் நடக்கிற சத்தம் கேட்டாலே டிஸ்க்கில் பதிந்துவிடப் பழகிக்கொண்டாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டவும் பழகிக்கொண்டாள். கோயிலுக்குப் போகிற பிள்ளைதான், ஆனாலும் திட்டினாள்.

நாலு மாதம் போனது. எண்பத்து ஐந்து மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அவள் தன்னுடைய டிஸ்க்கைப் போட்டுச் சுவிட்சைத் தட்டினாள். கறுப்புத் திரையின் மூலையில் ஒரே ஒரு எழுத்து வந்து நின்றது. அவளுடைய பேரின் முதல் இங்கிலீஷ் எழுத்து. வேறு ஒன்றுமில்லை. ஓடிப்போய் அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

பத்திநாதன் குனிந்து பார்த்தான். "இந்த ஒரு எழுத்துக்கா நாலு மாசம்? நான் ரெண்டாம் வகுப்புலயே எழுதிட்டேன்ல."

"அண்ணே, கொம்பனிக்காரன் எழுதினது இதுக்குள்ள ஒண்ணுமே இல்ல. கரண்ட் வந்ததுல இருந்து இந்த எழுத்து வாற வரைக்கும் நடந்தது முழுக்க நான் எழுதினது."

அவன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். "அப்ப லேசுப்பட்ட விசயம் இல்லதான்" என்றான். மறுநாள் தொழிற்சாலையில் ரோலர்காரனிலிருந்து கூட்டுகிறவன் வரைக்கும், "ஏந்தங்கச்சி மெஷினுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்திருச்சி" என்று சொல்லித் திரிந்தான். இதைக் கேட்டு நாலு மாதத்துக்கு ஒரு எழுத்தா என்று சிரித்தவர்களும் இருந்தார்கள். சிரிக்கட்டும். அவர்கள் யாரும் அந்த ஒன்றைக்கூடப் போடவில்லை.

இப்படியே போயிருந்தால் இது ஒரு டைப்பிஸ்ட் பிள்ளையின் விளையாட்டாகவே முடிந்திருக்கும். எண்பத்து ஆறு மாசியில் வந்தது வினை.

தை மாசியில் வெயிலும் வறண்ட காற்றும் அடிக்கிற அந்த இரண்டு மாதம்தான் ஊசிமலை இருக்கிற திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தருகிற காலம். அப்படி ஒரு நாள் காலை எட்டு மணிக்கு, அடுப்புக்காரன் சோலைமலை புதிதாக வந்த லோட்டிலிருந்து யூக்கலிப்டஸ் கட்டைகளை அள்ளி அடுப்பில் போட்டான். கட்டை அவன் நினைத்ததைவிடக் காய்ந்திருந்தது. அடுப்பு சீறி எழும்பியது. டிரையர் முகப்பில் இருந்த பழைய தெர்மாமீட்டரின் முள் ஏறுவதைப் பத்திநாதன் பார்த்தான். பாய்ந்து போய்க் காற்றுக் கதவைத் திறந்தான். நாலு நிமிஷத்தில் சூட்டைக் கீழே கொண்டுவந்துவிட்டான். ஆனாலும் தட்டில் கிடந்த தூள் கருகிவிட்டது. வாசம் ஆபீஸ் வரைக்கும் வந்தது.

தோட்டத்து மனேஜர் சமரக்கோன் தொரை வந்தார். ஒன்பது மணிப் பேப்பரைக் கையில் எடுத்தார். எட்டு மணியிலிருந்து எட்டு நாலு வரைக்கும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று வரிசையாக இருந்தது.

"சூடு சரியா இருந்திருக்கு. நீ தூள் ஓடுற தட்ட நிப்பாட்டிட்டு நித்திரை கொண்டிருக்க, அதான் கருகியிருக்கு" என்றார்.

"இல்லீங்க தொரே. முள்ளு எரநூத்தி முப்பது கிட்டப் போச்சிங்க. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"கட்ட நான்தாங்க போட்டேன், அவரு சொல்றது நெசந்தாங்க" என்று சோலைமலையும் முன்னால் வந்தான். ஒன்றும் எடுபடவில்லை. நீங்கள் இரண்டு பேரும் கூட்டு என்று ஒரே வார்த்தையில் தொரை முடித்துவிட்டார்.

மறுநாள் விடிகாலைப் பெரட்டில், ஆண்களும் பெண்களுமாக இருநூறு பேர் வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற களத்தில், தொரை எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "மெஷின் பொய் சொல்லாது. பத்திநாதன் பொய் சொல்றான். இன்னிக்கி இருந்து அவனுக்கு டிரையர் இல்ல, மலைதான்."

வேலை மாறியதைப் பத்திநாதன் பெரிதாக எடுக்கவில்லை. மலை வேலை செய்கிறவன் மட்டமா என்ன, அவன் அம்மாவே மலையில்தான் நிற்கிறாள். பொய்க்காரன் என்ற சொல்தான் அவனைத் தின்றது. அன்றைக்குப் பின்னேரம் லயத்து வீட்டுக் காம்பராவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன் தங்கச்சியிடம் மெல்லக் கேட்டான்.

"நீயும் அந்த மெஷினத்தான் நம்புறியா புள்ள?"

அந்தக் கேள்வி றோசலினைச் சுட்டது. மறுநாள் ஆபீசில் ஒரு மாதத்துப் பேப்பரையும் எடுத்துத் தரையில் விரித்தாள். வரி வரியாகப் பார்த்துக்கொண்டு போனாள். மற்ற நிமிஷங்களில் சூடு ஒரு டிகிரி ஏறுகிறது, இரண்டு டிகிரி இறங்குகிறது. ஒவ்வொரு மணியிலும் முதல் நாலு நிமிஷத்தில் மட்டும் அசையாமல் ஒரே எண் நிற்கிறது. ஒரு மாதத்தில் ஒரு நாள்கூடத் தப்பவில்லை. ஒரு மணி நேரத்துப் பேப்பரை அடித்து முடிக்க மெஷினுக்குப் பிடிக்கிற நேரமும் நாலு நிமிஷம்தான். அச்சடிக்கும்போது அது சூட்டைப் பார்ப்பதே இல்லை. பார்க்காத நிமிஷங்களுக்குக் கடைசியாகப் பார்த்த எண்ணையே போட்டு நிரப்பிவிடுகிறது. கொம்பனிக்காரனின் கேர்னலுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் தெரியும்.

பேப்பர்களை அள்ளிக்கொண்டு தொரையிடம் போனாள். சமரக்கோன் கெட்ட மனிதர் இல்லை. முன்கோபம் உண்டு, ஆனால் சொன்னால் கேட்பார். கொழும்புக்குப் போன் எடுத்தார். எங்கள் புரோகிராமில் பிழையே இல்லை என்று கொம்பனி அடித்துச் சொன்னது. அவர் போனை வைத்துவிட்டு யோசித்தார்.

"சரி, மெஷின் பாக்கல்லன்னே வச்சுக்குவோம். அவன் மட்டும் பாத்தான்னு எப்பிடி நம்புறது? அந்த நாலு நிமிஷத்துல சூடு அவ்வளவு ஏறும்னு யாரு சொல்றது?"

"மெஷினையே சொல்ல வைக்கிறேங்க."

"நீயா?"

"நான்தாங்க."

கொம்பனி இஞ்சினியர் இன்றைக்கிருந்து பதினாறாம் நாள் சர்வீசுக்கு வருகிறார், அவர் முன்னால் காட்டு, காட்ட ஏலாவிட்டால் அண்ணன் மலையில்தான் என்று தொரை சொல்லிவிட்டார். ஒரு எழுத்தைக் காட்டுகிற கேர்னலை வைத்துக்கொண்டு இப்படி ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டோமே என்று வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அவளுக்கு வேண்டியது இரண்டு வேலை. ஒன்று சூட்டைப் பார்ப்பது, மற்றது அச்சடிப்பது. இரண்டும் ஒன்றாய் நடக்க வேண்டும். மெஷினுக்கு இருப்பது ஒரு மூளை. ஆகவே அதை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். உள்ளே ஒரு சிறிய கடிகாரச் சில்லு இருக்கிறது, செக்கனுக்கு ஐம்பது தடவை மணி அடிக்கும். அடித்ததும் மூளை செய்துகொண்டிருக்கிற வேலையைப் போட்டபடி போட்டுவிட்டுக் கேர்னலிடம் ஓடிவரும். கேர்னல் அதை அடுத்த வேலைக்கு அனுப்ப வேண்டும். இதைப் புத்தகத்தில் வாசித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. தோட்டத்தில் பிறந்தவளுக்கு இதையா சொல்லிக் கொடுக்க வேண்டும்? கொழுந்து நிறுக்கச் சங்கு ஊதினால், எடுத்துக்கொண்டிருந்த செடி நிரையை விட்டுவிட்டுப் பெண்கள் நிறுவைக் கொட்டகையான மடுவத்துக்கு வருகிறார்கள். நிறுத்து முடிந்ததும் விட்ட இடத்துக்கே திரும்பிப் போகிறார்கள். விட்ட இடம் மறக்காமல் இருந்தால் சரி. அதையும் மூளை தானாகவே குறித்து வைத்துக்கொள்ளும் என்று புத்தகம் சொல்லியது. பிறகென்ன?

ஐந்து நாளில் எழுதி முடித்துவிட்டாள். ஓடவிட்டாள். பிரின்டர் கரகரவென்று அடிக்க, திரையில் ஆறிக்கொண்டிருந்த டிரையரின் சூடும் மாறிக்கொண்டே இருந்தது. இரண்டும் ஒன்றாய் நடந்தன. நாற்காலியில் இருந்து எழும்பியே நின்றுவிட்டாள். அந்தச் சந்தோஷம் பேப்பரை எடுத்துப் பார்க்கிற வரைக்கும்தான். நூற்று நாற்பது, ஏழு, பூச்சியம், அறுபத்தைந்து, நூற்று முப்பத்தொன்பது என்று கண்ட கண்ட எண்கள் விழுந்திருந்தன. நடுவில் அர்த்தமில்லாத எழுத்துகள் வேறு.

கொப்பியை முதலிலிருந்து பார்த்தாள். பிழை இல்லை. மறுபடி தட்டினாள். மறுபடி குப்பை. வேலைகள் விட்ட இடத்துக்குச் சரியாகத்தான் திரும்புகின்றன, அதையும் சோதித்துப் பார்த்துவிட்டாள். திரும்பி வந்து ஏன் உளறுகின்றன என்றுதான் விளங்கவில்லை. இப்படியே ஏழு நாள் போய்விட்டது. அம்மா மார்கிரட் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினாள். கந்தப்பன்தான் வந்து, "இஞ்சினியர்மாருக்கே ஏலாத வேல, ஒனக்கு எதுக்கும்மா? தொரைக்கிட்ட நான் வேணுன்னா சொல்லிப் பாக்குறேன்" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனாலும் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

பதின்மூன்றாம் நாள் அண்ணன் சோற்றுப் பார்சலை மறந்துவிட்டுப் போயிருந்தான். பத்தாம் நம்பர் மலையில் கொழுந்துச் சாக்குத் தூக்குவது அவனுக்கு அப்போதைய வேலை. றோசலின் பார்சலை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். மடுவத்தில் நிறுவை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையில் வந்தார்கள். கூடையை இறக்கினார்கள், கொழுந்தைத் தராசுச் சாக்கில் கொட்டினார்கள், வெறுங்கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அவரவர் நிரைக்குத் திரும்பினார்கள். அம்மாவும் கொட்டிவிட்டு வெறுங்கூடையோடு ஏறிப் போனாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சிதான்.

பார்த்துக்கொண்டே நின்ற றோசலின் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"என்னா புள்ள, வெயில் ஏறிருச்சா?" என்றான் பத்திநாதன்.

"அண்ணே, நம்ம பொம்பளைங்க வெறுங்கூடையோடதானே நிரைக்குத் திரும்புறாங்க?"

"பின்ன? கொட்டிட்டுத்தானே போகணும்."

"நானும் அப்பிடித்தான் எழுதி வச்சிருக்கேன். மெஷினுக்கு அது சரிவராதுண்ணே. அது கொட்டக் கூடாது."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவைக்க அவளுக்கும் நேரமில்லை. பார்சலைக் கையில் திணித்துவிட்டு இறங்கி ஓடினாள். மூளை ஒரு வேலையைச் செய்யும்போது கையில் ஏழெட்டு எண்களை வைத்துக்கொண்டிருக்கும். மணி அடித்ததும் விட்ட இடத்தை மட்டும்தான் அது தானாகக் குறித்துக்கொள்ளும். கையில் இருந்த எண்களை எடுத்துப் பத்திரமாக வைத்து, திரும்பி வரும்போது அப்படியே கையில் கொடுக்க வேண்டியது கேர்னலின் பொறுப்பு. அவள் அதைச் செய்யவில்லை. செய்ய வேண்டும் என்று நினைக்கவே இல்லை. சங்கு ஊதினால் கூடையைக் கொட்டிவிட்டுப் போவதுதான் அவள் கண்ட உலகம். கொழும்பில் பிறந்த ஒருவன் இந்தப் பிழையைச் செய்திருக்கவே மாட்டான். இதை அவளே பிறகு எத்தனையோ பேரிடம் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

இரண்டு வேலைக்கும் இரண்டு தனி இடம் ஒதுக்கினாள். மணி அடித்ததும் கையில் இருப்பதையெல்லாம் அந்தந்த இடத்தில் அடுக்கி, திரும்பும்போது கடைசியில் வைத்ததிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க வைத்தாள். கொப்பியில் முப்பது கட்டம்கூடப் பிடிக்கவில்லை. அன்று பின்னேரம் பேப்பரில் ஒரு எண்கூடப் பிசகாமல் விழுந்தது. அந்தப் பேப்பரை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பதினாறாம் நாள் காலையில் கொம்பனி இஞ்சினியர் வந்தார். இளம் ஆள், மரியாதைக்காரர். விஷயத்தைக் கேட்டதும் தொரையைப் பார்த்துப் புன்சிரிப்புச் சிரித்தார். றோசலின் அந்தச் சிரிப்பைக் கவனிக்காதது போல இருந்துகொண்டாள். மலையிலிருந்து பத்திநாதனைக் கூப்பிட்டு வந்தார்கள்.

ஏற்பாட்டைச் சொன்னது தொரைதான். தட்டில் கழிவுத் தூள். அடுப்பில் சோலைமலை அன்றைக்குப் போட்டது போலவே காய்ந்த கட்டையைப் போட வேண்டும். பத்திநாதன் டிரையர் முன்னால் நின்று, நிமிஷத்துக்கு ஒரு தடவை முள்ளைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். தொரை கடிகாரத்தோடு பக்கத்தில் நின்று எழுதுவார். ஆபீசில் மெஷின் என்ன சொல்கிறது என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

முதலில் கொம்பனியின் புரோகிராம். மெஷின் பேப்பரை அடிக்கத் தொடங்க, கட்டை உள்ளே போனது. அடுத்த மணிப் பேப்பரில் அந்த நாலு நிமிஷமும் நூற்றுத் தொண்ணூற்றொன்று, நூற்றுத் தொண்ணூற்றொன்று என்றே இருந்தது. தொரையின் கையில் இருந்த தாளில் எண்கள் ஏறி இறங்கியிருந்தன. இஞ்சினியரின் சிரிப்புப் போய்விட்டது.

சூடு தணிந்ததும் றோசலின் தன்னுடைய டிஸ்க்கைப் போட்டாள். பிரின்டர் அடிக்க ஆரம்பித்தது, கட்டை உள்ளே போனது, அண்ணனின் குரல் தொழிற்சாலைக்குள் எழும்பியது. "நூத்தித் தொண்ணூத்தஞ்சி." ஒரு நிமிஷம் கழித்து, "எரநூத்தி ஏழு." பிறகு, "எரநூத்தி இருவது." பிறகு, "எரநூத்தி இருவத்தொம்பது. தொரே, இப்பக் கதவத் தெறக்கணும்." தொரை தலையாட்டினார். பத்திநாதன் திறந்தான்.

அடுத்த பேப்பர் வருகிற வரைக்கும் ஒரு மணித்தியாலம் நின்றார்கள். வந்ததும் தொரை அதைத் தன்னுடைய தாளுக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தார். நூற்றுத் தொண்ணூற்றைந்து. இருநூற்றேழு. இருநூற்றிருபத்தொன்று. இருநூற்றிருபத்தொன்பது. ஒரே ஓர் இடத்தில் ஒரு டிகிரி வித்தியாசம்.

"அந்த எடத்துல முள்ளு இருவதுக்கும் இருவத்தொண்ணுக்கும் நடுவுல நின்னிச்சிங்க. நான் கொறச்சிச் சொல்லிட்டேன்" என்றான் பத்திநாதன்.

இஞ்சினியர்தான் முதலில் வாயைத் திறந்தார். "மிஸ், இதை எங்க படிச்சீங்க?"

"இந்த மேசையிலதாங்க."

அவர் கொப்பியை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார். பிறகு ஒரு பிரதி கிடைக்குமா, மற்றத் தொழிற்சாலைகளில் இருக்கிற மெஷினுக்கும் போடலாம் என்று கேட்டார்.

"தாறேங்க. ஆனா மொதப் பக்கத்துல என் பேர் இருக்கணும். அழிக்கக் கூடாது." ஏழு மார்க்குக் குறைந்துபோன பிள்ளை அன்றைக்கு ஒரு அங்குலம்கூடக் குனியவில்லை.

தொரை பத்திநாதன் பக்கம் திரும்பினார். "சரி. நாளைக்கு இருந்து நீ டிரையருக்கு வா."

"வாறேங்க தொரே." பத்திநாதன் போகவில்லை, நின்றான். "ஒண்ணு சொல்லணுங்க. பொய்க்காரன்னு நீங்க இங்க வச்சுச் சொல்லலீங்க. பெரட்டுல சொன்னீங்க."

கந்தப்பன் பதறிப்போய் அவனுடைய கையைப் பிடித்து இழுத்தார். அந்தக் காலத்தில் ஒரு தொழிலாளி தொரையைப் பார்த்து இப்படிச் சொல்வது சின்ன விஷயம் இல்லை. சமரக்கோன் முகம் சிவந்தது. மேசையில் கிடந்த இரண்டு தாளையும் இன்னொரு தடவை பார்த்தார். அப்படியே எழும்பிப் போய்விட்டார்.

மறுநாள் பெரட்டுக்கு றோசலின் போக வேண்டியதில்லை, ஆபீஸ்காரர்களுக்குப் பெரட்டு கிடையாது. ஆனாலும் போனாள். பனி இன்னும் கலையவில்லை. இருநூறு பேரும் நின்றார்கள். அம்மா கூடையோடு பெண்கள் வரிசையில் நின்றாள். பத்திநாதன் கைகட்டி, தலைநிமிர்ந்து நின்றான். தொரை வருவாரா மாட்டாரா என்று றோசலின் பங்களாப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொரை வந்தார். பேர் வாசிக்கப் போன கணக்கப்பிள்ளையைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"போன மாசம் இந்த எடத்துல வச்சுப் பத்திநாதன் பொய் சொல்றான்னு சொன்னேன். அவன் பொய் சொல்லல்ல. மெஷின்தான் பொய் சொல்லியிருக்கு. அந்த மெஷினத் திருத்தினது அவன் தங்கச்சி." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "நம்ம தோட்டத்துப் புள்ள" என்றும் சொன்னார்.

பெரட்டில் யாரும் கைதட்டுவதில்லை. அன்றைக்கும் தட்டவில்லை. இருநூறு தலையும் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தன. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பத்திநாதன் வரிசையை விட்டு வெளியே வந்து, தங்கச்சிக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றான். கண் கலங்கியிருந்தது. துடைக்கவில்லை.

"நட புள்ள, நேரமாச்சி" என்றான். "நீ மெஷினப் போடு. நான் சூட்டப் பாக்குறேன்."